உங்கள் தோட்டத்திற்கு வரும் உயிரினங்கள் யாவை?

தொலைக்காட்சியில் காட்டிய குருவி நன்றாக இருந்ததா, இல்லையா என்று கேட்டு யாராவது உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்களா? எங்கள் பக்கத்தில் அப்படிப் போய் நின்றவள் நான்தான். இடுப்பில் சின்னவன், கக்கத்தில் படிவக் கட்டு, கொண்டையில் செருகிய பேனா. அபிப்பிராயம் கேட்டு எழுதுகிற தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான் இருக்கிறது: கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வாக்காளர் இடாப்பு, குடிசன மதிப்பு, போசாக்கு மா என்று ஏதாவது ஒரு தாளைச் சுமந்துகொண்டு, நாய்க்குப் பயந்து, பாசிப் படியில் வழுக்கி, வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இதைப் படித்தால் நான் சொல்வதில் பாதியை நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

கொழும்பில் ஒரு நிறுவனம் சனிக்கிழமை சாயங்காலம் அரை மணிநேரம் தமிழில் ஒரு நிகழ்ச்சி போட்டது. வீட்டைச் சுற்றி வருகிற குருவி, வண்ணத்துப்பூச்சி, ஓணான் பற்றியெல்லாம் காட்டுவார்கள். பெயர் 'தோட்டத்து நண்பர்கள்'. பார்க்கிறவர்களின் கருத்தை அறிய அங்கங்கே ஆள் பிடித்தார்கள். பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டிய எங்கள் தோட்டத்தில், ஓ.எல். பரீட்சை வரை படித்து, கையெழுத்தும் விளங்குகிற மாதிரி இருந்ததால் நான் அகப்பட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

டீவி உள்ள பதினாலு வீடு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு எழுதி, மாசக் கடைசியில் டவுனில் கொடுக்க வேண்டும். வாங்க வருகிறவர் இரத்தினபுரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: "பிள்ளை, சனம் சொன்னதைச் சொன்னபடி எழுத வேணும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது." அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவைதான் மீறினேன்.

பெயர்ப் பொருத்தம்

எங்கள் வாயில் தோட்டம் என்றால் ஒன்றுதான். நாங்கள் பிறந்து, தேயிலைக் கொழுந்து எடுத்து, கடைசியில் புதைபடுகிற இந்த எஸ்டேட். வீட்டுக்கு முன்னால் பூச்செடி வைக்கிற இடத்துக்கும் அதே பெயர்தான் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து ஒற்றையறைக் காம்பராவில் இருக்கிறவர்களுக்கு எங்கே ஞாபகம் வரும்? வாசலைத் தாண்டினால் கழிவுத் தண்ணி ஓடுகிற கான். கானைத் தாண்டினால் அடுத்த லயம். ஆகவே முதல் சனிக்கிழமை மாரியப்பண்ணன் வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். சம்பளப் பேச்சைப் பற்றிச் சொல்வார்கள், ஒழுகுகிற தகரத்தைப் பற்றிச் சொல்வார்கள் என்று நினைப்பு.

திரையில் ஒரு நத்தை வந்தது. கோவா (முட்டைக்கோசு) இலையில் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. பின்னால் வயலின் வாசித்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நத்தை போன பிறகாவது நம்முடைய விசயம் வரும் என்று காத்திருந்தார்கள். முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மாரியப்பண்ணன் (வாய்க்குப் பேர்போனவர்) என் படிவத்தில் விரலால் தட்டிச் சொன்னார்: "தோட்டத்து நண்பர்கள்னு பேர வச்சு நத்தைய விட்டிருக்காங்க. பரவால்ல, சங்கத்து ஆளுகளவிட வெரசாத்தான் போகுது. அதையும் எழுதிக்க."

கேள்வி இலக்கம் மூன்று

படிவத்தில் ஏழு கேள்வி. ஆறுக்கு வட்டம் போட்டால் போதும். மூன்றாவதுக்கு மட்டும் எழுத வேண்டும்: 'உங்கள் தோட்டத்திற்கு வரும் உயிரினங்கள் யாவை? அவற்றுள் நீங்கள் விரும்புபவை எவை, விரும்பாதவை எவை?' விரும்புகிற பக்கம் முக்கால்வாசி வீட்டில் வெறுமையாகக் கிடக்கும். விரும்பாத பக்கத்தில் இடம் போதாமல் தாளின் பின்புறமும் எழுதினேன். அட்டை, குளவி, புடையன் பாம்பு, காட்டுப்பன்றி. மாரியப்பண்ணன், "மொதல்ல சின்னதொர, அப்புறம் அட்ட" என்றார். தோட்டத்து உதவி மனேஜரை முதலாவதாக வைத்து, வரிசை மாற்றாமல் எழுதினேன்.

மேல் லயத்துக் கடைசிக் காம்பராவில் சரோஜாக்கா இருந்தார். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருசன் மூன்று வருசமாக வரவும் இல்லை, தகவலும் இல்லை. கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டு முடித்தாயிற்று. அவர் கடைசியாகக் கொண்டுவந்து வைத்த சின்னக் கறுப்பு வெள்ளை டீவி மட்டும் மேசையில் இருந்தது. ஒரே மகள் வனிதா, அடுத்த வருசம் ஓ.எல். எழுத வேண்டியவள். லயத்துக்கு மேலே, ஆறாம் நம்பர் மலை ஓரத்தில், பாறை என்பதால் தேயிலை பிடிக்காமல் விட்ட ஒரு மூலை உண்டு. அக்கா அதைக் கல் பொறுக்கி, கொத்தி, போஞ்சியும் கத்தரியும் கொச்சிக்காயும் போட்டிருந்தார். யாரும் எடுத்துக்கொள் என்று சொன்னதில்லை. யாரும் வேண்டாம் என்றதும் இல்லை. அதில் வருகிறதைச் சந்தைக்குக் கொண்டுபோய்த்தான் வனிதாவின் பஸ், ரியூசன், சப்பாத்து எல்லாம். அந்த மூலை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.

அப்படி ஒரு இடத்தை வைத்துக்கொண்டும், மூன்றாம் கேள்வியை வாசித்ததும் அக்கா சிரித்துவிட்டார்: "எனக்கு ஏது புள்ள தோட்டம்? தோட்டம் தொரையோடது. அங்க என்னா வரணும்னு தொரகிட்டப் போய்க் கேளு."

பெற்றி

கரண்ட் வராத லயங்களில் டீவி கார் பெற்றியில் ஓடியது. பெற்றியை டவுனுக்குச் சுமந்துபோய், சார்ஜ் போட்டு, திரும்பச் சுமந்து வர வேண்டும். சனிக்கிழமை அரை மணிநேரம் பூச்சி பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைப் படம் கடைசிக் கட்டத்தில் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகிவிடும். கதாநாயகி பிழைத்தாளா, செத்தாளா என்று திங்கட்கிழமை மலையில் விசாரிக்க வேண்டியதுதான்.

பாம்புகளைப் பற்றிக் காட்டிய வாரம் கீழ் லயத்து அக்கா ஒருவர் டீவியைப் போடவே இல்லை. 'பார்க்கவில்லையெனில் காரணம்' என்று படிவத்தின் அடியில் தனியாக ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பக் காரணம் கேட்டேன். பாவாடையை லேசாகத் தூக்கிக் கணுக்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார்: "பாம்பு பாக்குறதுக்கு பெற்றி எதுக்கு? கக்கூசுக்குப் போற பாதையில நின்னா அதுவே வருமே."

யாருடைய கருத்து

ஒரு வீட்டில் பார்ப்பது பெண்சாதி, சொல்வது புருசன். அந்த வாரம் ஒரு பறவையைக் காட்டினார்கள். பெட்டை மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்க, ஆண் பறவை நாள் முழுக்கப் பறந்து பறந்து பழம் கொண்டுவந்து வாயால் ஊட்டுகிறது. புருசன் வாசலில் காலை நீட்டிக்கொண்டு, "நல்ல நிகழ்ச்சி, நல்லாப் பயனுள்ளது" என்று நான் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். வாயைத் திறந்தால் சாராய வாடை.

எழுதி முடித்துப் பின்பக்கமாக இறங்கினேன். அடுப்படி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை என் சேலையைப் பிடித்து இழுத்தது. அந்த அக்காதான். கீழ் உதடு வீங்கியிருந்தது. ரகசியமாகச் சொன்னார்: "குடிக்காம வீட்டுக்கு வர்ற ஆம்பளைய இன்னிக்குத்தான் டீவியில பாத்தேன். இத எழுது, ஆனா அவரு சொன்னதாவே எழுது."

தண்ணிச் சட்டி

அந்த நிகழ்ச்சியை நம்பிய ஒரே ஆள் சரோஜாக்காதான். அகலமான பாத்திரத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள், ஒரு செடியின் பழத்தையாவது பறிக்காமல் விடுங்கள் என்று நிகழ்ச்சியை நடத்துகிற பெண் சொன்னாள். மற்ற வீடுகளில் சிரித்தார்கள். அக்கா விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைத் தன் போஞ்சிப் பந்தலுக்குப் பக்கத்துப் பாறையில் வைத்தார். ஒரு கொச்சிக்காய்ச் செடியைப் பழுக்க விட்டார். மாரியப்பண்ணன் மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம், "பாயும் போட்டு வை தங்கச்சி, சாப்பிட்டுப் படுத்துட்டுப் போகட்டும்" என்று கத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை மேலே கூட்டிப்போனார். வனிதா பாறையில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சட்டி விளிம்பில் ஒரு கொண்டைக்குருவி, வாலுக்கு அடியில் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி. எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தண்ணி குடித்தது. சின்னவன் கை தட்டினான். அக்கா அசையவே இல்லை. அது பறந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "மொத ரெண்டு கெழம ஒன்னுமே வரல. இப்ப தெனம் வருது. என்னையப் பாக்கன்னு ஒன்னு வந்து மூணு வருசமாச்சு தேவி."

ஒன்று முதல் ஐந்து வரை

'நிகழ்ச்சி உங்களுக்கு எந்த அளவுக்குப் பிடித்திருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.' இது ஏழாவது கேள்வி. குளவி பற்றிக் காட்டிய வாரம், குளவி மாதிரிக் கெட்டிக்காரக் கொத்தன் கிடையாது, நாம் சீண்டாவிட்டால் அதுவும் சும்மா இருக்கும் என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

எனக்குப் போக மனமில்லாத வீடு ஒன்று அன்றைக்கு இருந்தது. நடு லயத்துச் செல்வராஜ் வீடு. அவருடைய அம்மா முந்தின வருசம் கொழுந்து மலையில் குளவி கொட்டி, லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்குள் போய்விட்டார். சீண்டியது யாரோ, கொட்டு வாங்கியது அந்தக் கிழவி. வேலை வேலைதானே என்று படி ஏறினேன். நிகழ்ச்சியை அவர் முழுக்கப் பார்த்திருந்தார். எதற்கு வட்டம் போட என்று கேட்டேன். தாளை வாங்கி இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "அஞ்சோட முடிஞ்சிருதா? அம்மா கையில மட்டும் நான் நாப்பது வரைக்கும் எண்ணினேன்."

வத்த

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்ப்பது வழக்கம்தானே. என் பையில் தமிழில் எழுதிய தாள்கள் ஒரு கட்டு, எல்லாவற்றிலும் பெயரும் விலாசமும். பொலிஸ்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட, பக்கத்தில் நின்றவர்கள் என்னை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். சின்னவன் அழத் தொடங்கினான். பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அது பிறவிக் குணம். சிரித்துக்கொண்டே, "குருல்லோ கென மாத்தயா, வத்தட்ட என குருல்லோ" என்றேன். தோட்டத்துக்கு வருகிற குருவிகளைப் பற்றி, ஐயா.

சிங்களத்திலும் வத்த என்றால் எஸ்டேட்டும்தான், வீட்டைச் சுற்றி இருக்கிற வளவும்தான். அவர் தன் வீட்டு வளவை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. முகம் இளகிவிட்டது. பெரிய உடும்பு மாதிரி ஒரு கபரகொய்யா அவர் வீட்டுக்கும் வருகிறதாம், அதையும் நான் எழுதிக்கொள்ள வேண்டுமாம். தாள்களை அடுக்கி என் பையில் அவரே வைத்தபடி சொன்னார்: "அபே வத்தெத் கபரகொயெக் இன்னவா. ஏகத் லியாகன்ன."

துண்டு

சட்டத்தை ஒரு தடவை மீறினேன் என்று சொன்னேனே, அது இதுதான். அக்காவின் மூலையில் நின்ற தேசிக்காய்ச் செடியில், அதாவது எலுமிச்சையில், கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. மூன்றாம் கேள்விக்கு விரும்புகிற பக்கத்தில் சொல்ல முதல் தடவையாக அக்காவிடம் ஒன்று இருந்தது. என்னை உட்காரவைத்து, "எழுது" என்றார். "ஆறாம் நம்பர் மலைக்கிட்ட என் துண்டுல கொண்டக்குருவி கூடு கட்டியிருக்கு. மூணு முட்ட. கல்லெறியக் கூடாதுன்னு என் மக பலகையில எழுதி வச்சிருக்கா."

எழுதப் போனவள் 'துண்டு' வந்த இடத்தில் நின்றேன். காணித் துண்டை எங்கள் பக்கம் வெறும் துண்டு என்றுதான் சொல்வோம். கொழும்பில் இதை வாசிக்கிறவளுக்குத் துண்டு என்றால் தோளில் போடுகிற துண்டுதானே? துவாய்க்குள் குருவி முட்டை இட்டிருக்கிறது என்று அவள் சிரித்தால் அக்காவுக்கு எவ்வளவு கேவலம்! கேள்வியிலேயே அச்சடித்த நல்ல சொல் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் போட்டேன்: 'என் தோட்டத்தில்.' வாசித்துக் காட்டினேன். அக்கா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "என் தோட்டமா? கேக்க நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும் தேவி."

சொந்த

நிகழ்ச்சியின் கடைசி மூன்று நிமிசத்தில் பார்வையாளர் கருத்தை வாசிப்பார்கள். எங்கள் மலையிலிருந்து ஒன்றுகூட அதுவரை வந்ததில்லை. மாரியப்பண்ணனின் நத்தையை ஏனோ அவர்கள் தொடவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அந்தப் பெண் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், ஆறாம் நம்பர் மலை என்றும் சொன்னாள். "திருமதி சரோஜா அவர்கள் தனது சொந்தத் தோட்டத்தில் பறவைகளுக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். நம் எல்லோருக்கும் நல்ல முன்மாதிரி!"

லயமே கத்தியது. எந்தக் காம்பராவில் இருந்து கத்தினார்கள் என்று பிரிக்க முடியவில்லை. வனிதா வெட்கப்பட்டு வெளியே ஓடினாள். அக்கா டீவிக்கு முன்னால், அது விளம்பரத்துக்குப் போன பிறகும், கையைக் கூப்பியபடி நின்றார். நான் சின்னவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். 'சொந்த' என்பது நானும் எழுதாத, அக்காவும் சொல்லாத சொல் என்பது என் காதில் விழவே இல்லை. விழுந்தது ஒரே ஒருவர் காதில். வாசலில் சாய்ந்து நின்ற மாரியப்பண்ணன், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னார்: "ஆபிசு பெரிய கிளாக்கர் வீட்டுலயும் சனிக்கிழம டீவி ஓடும், மறந்துறாதீங்க."

பெரட்டுக் களம்

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை சத்தமாகக் கேட்டார்: "யாரு இங்க சொந்தத் தோட்டம் வச்சிருக்கிற சீமாட்டி? நாளையில இருந்து நாங்க ஒங்ககிட்டத்தான் பேர் கொடுக்கணுமோ?" எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அதோடு போயிருந்தால் நானும் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பேன்.

கிளாக்கரிடமிருந்து பேச்சு துரைக்குப் போனது. துரையிடம் மேலிடத்தில் கேட்டார்களாம், தொழிலாளிக்கு ஆறாம் நம்பரில் சொந்தக் காணி எப்படி வந்தது என்று. இதை விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு மூலை பிடிப்பார்கள் என்று முடிவு செய்தார்கள். அக்கா ஆபிசுக்குப் போய், நான் அப்படிச் சொல்லவில்லை, துண்டு என்றுதான் சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தார். நானும் கூடப் போய், எழுதியது என் கை என்று சொன்னேன். டீவியில் வந்தது டீவியில் வந்ததுதான். அடுத்த வாரம் தேயிலைக் கன்று வைக்கக் குழி வெட்ட ஆள் போட்டார்கள். பாறையில் தேயிலை பிடிக்காது என்று வெட்டச் சொன்னவர்களுக்கும் தெரியும், வெட்டினவர்களுக்கும் தெரியும். போஞ்சி பூ விட்டிருந்தது.

குழி வெட்டப் போனவர்களில் மாரியப்பண்ணனும் ஒருவர். பேர் விழுந்த வேலையை மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தேசிக்காய்ச் செடியை மட்டும் வெட்டாமல் மத்தியானம் வரை சுற்றிச் சுற்றி வேலை செய்தாராம். குஞ்சுகள் அதற்கு முன்பே பறந்துவிட்டன, அந்த மட்டில் தப்பியது. சாயங்காலம் என் காம்பரா வாசலுக்கு வந்தார். கையில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு கூடு. சின்னவன் பறிக்கப் பார்த்தான். அவர் அதை என் மேசையில், படிவக் கட்டின் மேல் வைத்தார்: "காலிக் கூடுதான். ஒட்டி அனுப்பு, அதையும் வாசிக்கட்டும்."

ஐயா

மாசக் கடைசியில் டவுன் தேத்தண்ணிக் கடையில் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரு சொல்லை மாற்றினேன், கொழும்பில் ஒரு சொல்லைக் கூட்டினார்கள், அக்காவின் துண்டு போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை 'அது சொந்தம் இல்லை' என்று டீவியிலேயே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அடுத்த மாசம் பதில் கொண்டுவந்தார்: அது நிகழ்ச்சிக்குச் சம்பந்தமில்லாத விசயமாம்.

நான் அழுதுவிட்டேன். அந்தக் கடையில், அவ்வளவு ஆம்பிளைகளுக்கு நடுவில். ஐயா தன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய ஊரைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. "எங்கட வளவிலயும் ஒரு மாமரம் நிண்டது பிள்ளை, நிறையக் கிளி வரும். இப்ப ஆர் அங்க இருக்கினம் எண்டே தெரியாது. என்னட்ட ஒருத்தரும் படிவம் கொண்டு வரேல்லை."

வனிதாவின் வேலை

வனிதா ஓ.எல். எழுதவில்லை. ரியூசன் முதலில் நின்றது, பிறகு பஸ், பிறகு பள்ளிக்கூடம். மார்கழி முடிவதற்குள் தெரிந்தவர் ஒருவர் மூலம் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். பஸ் ஏறுகிற இடத்துக்கு நான் போகவில்லை. அவளைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

முதல் கடிதம் வந்ததும் அக்காவே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார், வாசித்துக் காட்டச் சொல்லி. அவருக்கு வாசிக்கத் தெரியும். என்னிடம் கொண்டுவர வேண்டும் என்றுதான் வந்தார் என்பது எனக்கும் தெரியும். வாசித்து முடித்ததும் அக்கா ஒரு பெருமை போல, பெருமை இல்லாதது போல, சொன்னார்: "பெரிய தோட்டமாம் தேவி. குருவிக்குன்னே கல்லுல தொட்டி கட்டியிருக்காங்களாம். காலையில அதக் கழுவித் தண்ணி மாத்துறதுதான் இவளுக்கு மொத வேலையாம்."

கடைசிப் படிவம்

அடுத்த வருசம் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினாலு வீடும் ஏறினேன். அக்கா வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். அக்கா சாயத் தேத்தண்ணி கொடுத்தார், சின்னவனுக்கு ஒரு பிஸ்கட். மேலே ஆறாம் நம்பரில் வைத்த கன்றுகள் பாதிக்கு மேல் கருகி நின்றன. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் கவனித்தேன். வாசலுக்கும் கானுக்கும் நடுவில், ஒரு ஆள் கால் வைக்கிற இடத்தில், விளிம்பு உடைந்த அந்தச் சட்டி. தண்ணி தளும்ப இருந்தது. சின்னவன் என் மடியில் திடீரென்று அடங்கினான். கொண்டைக்குருவி ஒன்று தகரத்திலிருந்து இறங்கி, கல்லில் ஒரு தடவை உட்கார்ந்து, சட்டிக்குத் தாவியது. வாலுக்கு அடியில் அதே சிவப்பு. பழக்கதோசம், என் கை கொண்டைக்குப் போய்ப் பேனாவை உருவிவிட்டது. கேள்வி இலக்கம் மூன்று, விரும்புகிற பக்கம் என்று மனசு ஓடியது.

தொழிலில் ஒரே ஒரு கஷ்டம் என்று தொடக்கத்தில் சொன்னதை இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்: கேட்டால் சொல்லிவிடுவார்கள், எழுதினால் வாசித்துவிடுவார்கள். இத்தனை வருசம் கழித்து எழுதும்போதும் ஆட்களின் பெயரை மாற்றி, தோட்டத்தின் பெயரை விழுங்கியிருக்கிறேன் என்றால், அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துப் பேனாவை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னதுதான் காரணம்.

"வேணாம் தேவி. அது பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போகட்டும். எங்க வருதுன்னு மட்டும் எழுதிறாத."